பிள்ளைகள் காதில் விழும் வார்த்தைகள்

கர்த்தருக்குள் பிரியமான பெற்றோருக்கு,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

இந்த மாதம் நம் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் எபிரெயர் 10:24. "அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து" என்ற வசனம். ஒப்பிக்கப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம். செய்து காட்ட வேண்டியது நீங்கள்தான்.

இந்த வசனம் வரும் எபிரெயர் நிருபத்தை, அதாவது கடிதத்தை, பெற்றவர்கள் விசுவாசத்துக்காக ஆஸ்தியைப் பறிகொடுத்தும் சந்தோஷமாய் இருந்தவர்கள். அதே கூட்டத்தில் சிலர் பிறகு சபை கூடிவருவதையே விட்டுவிட்டார்கள். எவ்வளவு ஆர்வமாய் இருந்தவரும் தளர்ந்துபோகலாம். அப்போது கைகொடுக்க ஒருவர் வேண்டும்.

ஆதிச் சபையில் மாற்கு என்ற ஊழியனுக்கு அப்படிக் கிடைத்தவர் பர்னபா. அப்போஸ்தலர்களான பவுலோடும் பர்னபாவோடும் சுவிசேஷம் சொல்லப் போய், பம்பிலியா நாட்டில் பாதியிலேயே ஊழியத்தை விட்டுத் திரும்பியவன் மாற்கு. அவனை மறுபடி அழைத்துப்போகப் பவுல் சம்மதிக்கவில்லை. பவுலும் பர்னபாவும் பிரியும் அளவுக்குக் கடுங்கோபம் மூண்டது. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் சிறையிலிருந்து அதே பவுல் எழுதுகிறார்: "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சரி, நம் வீட்டில் என்ன நடக்கிறது? ஆராதனை முடிந்து திரும்பும்போது பிரசங்கம் நீளம், பாட்டு சரியில்லை, இன்னார் இந்த வாரமும் வரவில்லை என்று பேசுகிறோம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக, "எல்லோரும் போனபிறகு ஒரு அண்ணன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாரே, பார்த்தாயா? அடுத்த வாரம் நீயும் போய்க் கைகொடு" என்று சொல்லிப் பாருங்கள்.

வராதவர்கள் வீட்டுக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். வாசலிலேயே "ஏன் சபைக்கு வரவில்லை?" என்று கேட்காதீர்கள். முதலில் நலம் விசாரியுங்கள், அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், அப்புறம் சேர்ந்து ஜெபியுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் ஒருவேளைச் சாப்பாடு கொண்டுபோகலாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "அவன் எத்தனை வசனம் சொல்கிறான், நீயும் இருக்கிறாயே" என்று பிள்ளைகளை ஒப்பிடாதீர்கள். அதில் பொறாமைதான் வளரும், அன்பு வளராது. உங்கள் பிள்ளை தன் பென்சிலை இன்னொருவனுக்குக் கொடுத்தால் அன்றைக்கே அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

மாதக் கடைசி ஞாயிறன்று, தாங்கள் யாரைப் போய்ப் பார்த்தோம் என்பதைப் பிள்ளைகள் வகுப்பில் பகிர்ந்துகொள்வார்கள். போன வீட்டின் கஷ்டங்களை அங்கே சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
தலைமையாசிரியர், ஞாயிறு பள்ளி