கியர் பாக்ஸுக்குக் காசில்லை மாப்ளே

மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்குப் பொங்கல் தாண்டியும் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய், திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

97ஆம் வருஷத்து டாட்ஜ் ராம் பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. கதவெல்லாம் துரு, சீட்டை நாய் கடித்து வைத்திருக்கிறது, ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது நம்ம ஆள். 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், 12 வால்வு. ஜாம்ஷெட்பூரில் செய்து டாடா லாரிகளில் வந்ததே, அந்த 6பிடி குடும்பம்தான். அதே 102 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), தனி உறையாக லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே குடைந்த சிலிண்டர். பாரம் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் முனகிக்கொண்டு ஏறுமே, அதை இங்கே டிராக் ரேஸுக்கு, அதாவது நேர்கோட்டில் குறைந்த தூரம் பறக்கும் பந்தயத்துக்கு, விடுகிறார்கள், நானும் விடப்போகிறேன்.

டீசலில் ரேஸா என்று நீ கேட்பாய். 1952இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதல் இடத்தில் நின்று கிளம்பியதே கம்மின்ஸ் டீசல் கார்தான், தெரியுமா? பாதி தூரம்கூடப் போகவில்லை, டர்போ வாயில் டயர் ரப்பர் தூசு அடைத்து நின்றுவிட்டது. (காற்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டு என்று இங்கே யோசனை சொல்கிறவர்களை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.)

நான் போகப்போவது எட்டில் ஒரு மைல், அதாவது 200 மீட்டர் சொச்சம். 7.70 வினாடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை ஒட்டி வர வேண்டும், 7.69இல் வந்தாலும் ஆட்டம் காலி. காசைக் கொட்டுகிறவனே ஜெயிப்பான் என்பது இங்கே அவ்வளவாகச் செல்லாது, அதனால்தான் பிடித்தது.

இந்த எஞ்சினில் பம்புக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, டீசலைத் தெளிக்கும் பாஷ் பி 7100 இன்லைன் பம்ப், பம்ப் வேலை பார்க்கும் உன் ராஜ்ஜியம் முழுக்க. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு இருக்கிறதே, ராக், அதை மறிக்கும் ஃபியூயல் பிளேட்டைக் கழற்றினால் செலவே இல்லாமல் டீசல் கொட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றினால் 4000 ஆர்பிஎம் வரை போகும், ஆனால் அதற்கு வால்வு ஸ்பிரிங்கும் கெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும். 13 மி.மீ. எலிமென்ட் (பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிஸ்டன்) போட்ட பம்புக்கு விலை கேட்டேன், நம்மால் ஆகாது. டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தை, 20 டிகிரி பக்கம் முன்னே ஏற்றினால் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும், அதோடு பூஸ்டும் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) 40 பவுண்டைத் தாண்டினால் பழைய போல்ட்டு சிலிண்டர் ஹெட்டைப் பிடித்து வைக்காது. அதனால் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் என்கிற கெட்டியான மரைத் தண்டு கட்டாயம். டர்போவுக்கு 8.3 லிட்டர் கம்மின்ஸில் வந்த ஹெச்எக்ஸ் 40 டர்போ ஒன்றைப் பழைய சாமான் கடையில் பேசி வைத்திருக்கிறேன்.

முன்பக்க கியர் ஹவுசிங்கில் ஒரு டவல் பின் (பாகத்தை இடத்தில் பொருத்தும் சின்ன ஆணி) இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? அதிர்வில் நகர்ந்து நகர்ந்து டைமிங் கியருக்குள் விழுந்தால் எஞ்சினே காலி. சின்னத் தகடு ஒன்றைப் போல்ட் போட்டு மறித்தால் போதும். உன் பட்டறைக்கு வரும் டாடாக்களிலும் பார்த்துவை.

இவ்வளவும் கணக்குப் போட்டு, பரவாயில்லையே என்று நினைக்கும்போதுதான் கியர் பாக்ஸ்! இந்த வருஷத்து வண்டியில் மேனுவலுக்கு 215 குதிரை கொடுத்தார்கள், ஆட்டோமேட்டிக்குக்கு 180தான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தாங்காது என்றுதான், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது ஆட்டோமேட்டிக். இதிலே 500 குதிரைக்கு மேல் ஏற்றினால் உள்ளே கிளட்ச் பிளேட் வறுபடும். கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது), இன்புட் ஷாஃப்ட், வால்வு பாடி எல்லாம் மாற்ற ஒரு கடையில் சொன்ன விலை மொத்த எஞ்சினுக்கு நான் ஒதுக்கியதைவிட அதிகம். மேனுவலுக்குப் போகலாமே என்பாய். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே பூஸ்ட் ஏறும், கியர் மாற்றும்போதும் இறங்காது. அதை விட மனசில்லை. ராத்திரி படுத்தால் கண்ணை மூடியதும் கன்வர்ட்டர்தான் வருகிறது, வீட்டில் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் செய்யவில்லை. டர்போ சீல் போய் எஞ்சின் ஆயிலைக் குடித்துத் தானே ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பி ஒன்றும் ஆகாது, காற்றைத்தான் அடைக்க வேண்டும். மணியண்ணன் ஷெட்டில் அன்றைக்கு நடந்ததை நீயும் பார்த்தாய். அதனால் காற்றை அடைக்கும் வால்வு வாங்கிய பிறகுதான் மற்ற எதையும் வாங்கினேன்.

இப்போது நீ எனக்குச் செய்ய வேண்டியது. பம்பில் பெரிய டெலிவரி வால்வு போட்டால் ஆறு எலிமென்ட்டுக்கும் நடுவே டீசல் அளவு எவ்வளவு வித்தியாசப்படும், எவ்வளவு வரை விடலாம்? ஒன்று மட்டும் கூடுதலாக ஊற்றினால் அந்த பிஸ்டன்தான் முதலில் உருகும். இங்கே பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றக் கேட்கிற கூலிக்கு நீ டிக்கெட் போட்டு வந்துவிடலாம். உன் பெஞ்ச் அளவுகளைப் போட்டோ எடுத்து அனுப்பு, உன் கையெழுத்தில் வேண்டாம், எவனாலும் படிக்க முடியாது.

உன்,
பதினேழாம் நம்பர்