நிமிரவிடாத படம்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானெகேயின் படங்கள் பார்ப்பவரைச் சித்திரவதை செய்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரி, செய்கின்றன. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

1997இல் வந்த ‘ஃபன்னி கேம்ஸ்’ படத்தில் இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தை வீட்டிலேயே சிறைவைத்து வதைக்கிறார்கள். மனைவி துப்பாக்கியைப் பறித்து அவர்களில் ஒருவனைச் சுட்டதும், அப்பாடா என்று நிமிர்கிறோம். உடனே கூட்டாளி ரிமோட்டைத் தேடியெடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டுகிறான், செத்தவன் எழுந்துவிடுகிறான்!

எடிட்டிங் மேஜையில் காலம் தள்ளியவன் நான். கொலைக்குக் கைதட்டல் வாங்குகிற மாதிரி வெட்டத் தெரியும். இவரோ அந்தக் குடும்பத்துச் சிறுவன் சாகும்போது கேமராவைச் சமையலறையில், சாண்ட்விச் செய்யும் கொலைகாரனோடு நிறுத்திவிட்டு, சத்தத்தை மட்டும் தருகிறார். அப்புறம் வரும் அசையாத நீண்ட ஷாட்டில் எந்த எடிட்டருக்கும் வெட்டக் கை துறுதுறுக்கும். 2007இல் ஆங்கிலத்திலும் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் இதையே எடுத்தார், பிடிவாதக்காரர். பாதியில் எழுந்து போனவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. படம் வேலை செய்திருக்கிறது.