முறைப்பாடு: 83 கண்ணி வேண்டிய டாங்கிக்கு 79 கண்ணிப் பட்டி

பரந்தன்,
கிளிநொச்சி மாவட்டம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

பொருள்: 1:35 அளவு ஷேர்மன் எம்4ஏ4 டாங்கி மாதிரிக் கிட்டில் பிழையான சங்கிலிப்பட்டி வந்தமை

உங்கள் இணையக் கடையில் 17,500 ரூபாய் செலுத்தி வாங்கிய மேற்படி கிட்டைப் பற்றி ஏற்கனவே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். உங்கள் பிரிவிலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. அந்த நான்கில் ஒரு வரிகூட நான் கேட்டதற்கு அருகில் வரவில்லை. ஆகவே இம்முறை பதிவுத் தபாலில், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் எம்4ஏ4 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கியான ஷேர்மனில் ஒரு வகை அது. 1945இல் பர்மாவின் மெய்க்டிலாவை நோக்கிப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் டாங்கியின் படம் போட்டிருக்கிறார்கள். அதில் பிழையில்லை, இந்தியப் படையின் 255ஆவது டாங்கிப் பிரிகேட் அந்தச் சண்டைக்குக் கொண்டுபோனது இந்த வகையைத்தான். பெட்டிக்குள் இருக்கும் உடலும் எம்4ஏ4இன் உடல்தான். சங்கிலிப்பட்டி மட்டும் வேறு ஷேர்மனுக்குரியது.

ஷேர்மன் என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று உங்கள் பிரிவில் நினைக்கிறார்கள் போலும். எம்4ஏ4இல் கிறைஸ்லர் நிறுவனம் ஆறு சிலிண்டர் கொண்ட ஐந்து கார் எஞ்சின்களை ஒரே கூட்டில் சேர்த்து, 30 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் பூட்டியது. போர்க்கால அவசரத்தில் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்த வேலை. ஆனால் பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. எஞ்சின் பெரிதானதால் டாங்கியின் உடலையும் நீட்ட வேண்டியதாயிற்று. உடல் நீண்டதால் சில்லுகளைத் தாங்கும் போகிகள் ஒன்றுக்கொன்று விலகின. மற்ற ஷேர்மன்களுக்குச் சங்கிலிப்பட்டியில் பக்கத்துக்கு 79 கண்ணி போதும். இதற்கு 83 வேண்டும். 1942க்கும் 1943க்கும் இடையில் 7,499 எம்4ஏ4கள் செய்தார்கள். ஒன்றிலும் 79 கண்ணிப் பட்டி பூட்டியிருக்க முடியாது. எட்டாது.

கிட்டைச் செய்தவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. பீரங்கி இருக்கும் கோபுரத்துக்குப் பின்னால், எஞ்சின் மூடியின் மேல், ரேடியேற்றருக்காக எம்4ஏ4இல் மட்டும் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதைக்கூட மறக்காமல் வார்த்திருக்கிறார்கள். போகிகளின் இடைவெளியும் கச்சிதம். இவ்வளவையும் சரியாகச் செய்தவர்களின் பெட்டிக்குள், இன்னொரு பெட்டிக்குப் போகவேண்டிய பட்டி எப்படியோ வந்து விழுந்திருக்கிறது. அது தொழிற்சாலையில் நடந்ததா உங்கள் களஞ்சியத்தில் நடந்ததா என்பதை ஆராய்வது என் வேலையல்ல. பணம் வாங்கியவர்கள் நீங்கள்.

எவ்வளவு குறைகிறது என்று கேட்பீர்கள். உண்மையான டாங்கியில் ஒரு கண்ணியின் நீளம் 6 அங்குலம். நான்கு கண்ணி 24 அங்குலம். மாதிரி உண்மையானதில் 35இல் ஒரு பங்கு என்பதால், அதை 35ஆல் வகுத்தால் 17 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பட்டியைச் சில்லுகளைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியை வேர்னியர் அளவியால் அளந்தேன். 17 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் அப்படியே. படம் எடுத்து முதல் மின்னஞ்சலோடு அனுப்பியிருக்கிறேன். திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி உங்கள் நான்கு வரிகளுக்கு வருகிறேன்.

பட்டியை வெந்நீரில் போட்டு மெதுவாக இழுத்தால் நீளும் என்கிறீர்கள். நீளும்தான். நான் பரந்தனில் நெல் வெட்டும் இயந்திரங்கள் திருத்துகிறவன். காலபோக வெட்டு தொடங்கிவிட்டால் றப்பர்ப் பட்டி அறுந்த இயந்திரங்கள் என் கடை வாசலில் வரிசைகட்டி நிற்கும். நீளம் குறைந்த பட்டியை எந்த வயற்காரரிடமும் "இழுத்துப் பூட்டுங்கள்" என்று நான் சொன்னதில்லை. சொன்னால் மறுபோகத்துக்கு அவர் என் கடைப்பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். பட்டியை இழுத்தால் கண்ணிகளுக்கு இடையிலுள்ள துளைகளும் விலகும். பட்டியைச் சுழற்றும் ஷேர்மனின் பல்சில்லில் 13 பற்கள். துளை விலகினால் இரண்டு மூன்று பற்களுக்கு மேல் துளைக்குள் இறங்காது. மற்றவை பட்டியின் மேல் ஏறி நிற்கும். அது போதாதென்று, இழுபட்டு நிற்கும் றப்பர் சும்மா இராது. பின்பக்கச் சில்லின் அச்சு வெறும் பிளாஸ்டிக். எங்கள் பங்குனி வெயிலில் அதை நாளுக்கு நாள் உள்ளே வளைத்து, ஒருநாள் ஒடித்தும் விடும்.

விளையாட்டுப் பொருள் என்பதால் சிறு வேறுபாடுகள் வழமை என்பது இரண்டாவது வரி. பெட்டியின் பக்கவாட்டில் நீங்களே ஒட்டிய சீட்டில் "வயது வந்தோருக்கான நுண்மாதிரி" என்று இருக்கிறது. விலை போடும்போது நுண்மாதிரி, முறைப்பாடு வந்தால் விளையாட்டுப் பொருளா?

மூன்றாவது, ஒட்டுப்படங்களைப் பற்றியது. நீரில் ஊறவைத்து ஒட்டும் வெள்ளை நட்சத்திரங்களின் மேல் இருந்த மெல்லிய தாள் அவற்றோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தபோது பெரிய நட்சத்திரத்தின் இரண்டு முனைகள் தாளோடு போய்விட்டன. வன்னியின் வெப்பத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். நட்சத்திரத்தை நான் தூரிகையால் வரைந்துகொள்வேன், அதை விடுகிறேன். ஆனால் இங்கே வெயில் அடிக்கும் என்பது விற்கும்போதும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நான்காவது வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. மாற்றிக்கொள்ள விரும்பினால், பெட்டியைத் திறக்காத நிலையில் கொழும்புக் காட்சியறைக்கு நேரில் கொண்டுவர வேண்டுமாம். திறக்காமல் பட்டி குறைவென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உங்களில் யாராவது எனக்கு விளக்கவேண்டும். அதையும் விட்டுவிடுவோம். பரந்தனிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் இறங்கி, உங்கள் கதவு திறக்கும்வரை காத்திருந்து, ஒன்றரைச் சாண் றப்பர்த் துண்டுகள் இரண்டை வாங்கிக்கொண்டு திரும்பிவர வேண்டும். பணத்தை வாங்குவதற்கு மட்டும் உங்களுக்கு வன்னி தூரமாக இருக்கவில்லை.

கிட்டை முழுதாகத் திருப்பி அனுப்புவதும் இப்போது நடக்காது. இந்த வகை மாதிரியில் பட்டி கடைசியாகத்தான் ஏறும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். உடலை ஒட்டி, பொருத்துகளை அரத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் காட்டுப் பச்சை பூசி முடித்துவிட்டேன். பன்னிரண்டு சில்லுகளின் றப்பர் விளிம்புக்கும் கறுப்பு இட்டாயிற்று. சில்லைப் பற்குச்சியில் செருகி, தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, குச்சியை மட்டும் உருட்ட வேண்டும்; அப்போதுதான் கோடு சிந்தாமல் வட்டமாக வரும். மெய்க்டிலாவும் எங்களைப் போல வரண்ட வலயம், குளத்தை நம்பிய ஊர். ஆகவே புழுதிக்கான நிறத்தைப் புத்தகத்தில் தேடவில்லை. கடை வாசலில் ஏ9 வீதியோரம் கிடக்கும் மண்ணைப் பார்த்தே கலந்தேன். நன்றாக வந்திருக்கிறது. பட்டி இல்லாமல் அது இப்போது மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விடயமும் உண்டு. முதல் மின்னஞ்சலில் இதை எழுதவில்லை. பொதியின் மேல் "யுத்த டாங்கி" என்று கொட்டை எழுத்தில் ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். கொண்டுவந்த தம்பி கடை வாசலில் நின்று, "அண்ணை, உங்களுக்கு ஒரு யுத்த டாங்கி வந்திருக்கிறது" என்று உரத்துச் சொன்னான். அங்கே நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. 2009 தொடக்கத்தில் இந்த வீதியால் உண்மையான டாங்கிகள் போயின. அதைக் கண்டவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்கள். பொதி என் கைக்கு வருமுன் வழியில் எத்தனை பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களோ, ஒரு மூலை கிழிக்கப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருந்தது. இதையெல்லாம் கண்ட பிறகும் ஏன் டாங்கி செய்கிறாய் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பொதி கொண்டுவரும் பொடியனுக்கும் வழியில் நிற்பவர்களுக்கும் சொல்லவேண்டிய நிலையை நீங்கள் உண்டாக்கத் தேவையில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. பணத்தைத் திருப்பித் தரவேண்டாம். விலைக்கழிவுச் சீட்டும் வேண்டாம். முன்பு ஒருமுறை அனுப்பிய சீட்டு காலாவதியான பிறகுதான் வந்து சேர்ந்தது. எம்4ஏ4க்குரிய 83 கண்ணிப் பட்டி இரண்டை, உங்கள் செலவில், பரந்தனுக்கு அனுப்பிவையுங்கள். றப்பரில் இல்லையென்றால் கண்ணி கண்ணியாகக் கோக்கும் பிளாஸ்டிக் வகையும் சரி. கோக்கும் வேலைக்கு நான் கூலி கேட்கப்போவதில்லை.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டு, பெட்டியின் மேல்மூடி, அளவியோடு எடுத்த படங்கள், உங்கள் நான்கு வரிப் பதில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன.

பட்டியை அனுப்பும்போது பொதியின் மேல் "பிளாஸ்டிக் உதிரிப்பாகம்" என்று மட்டும் எழுதுங்கள். வீட்டு முகவரி வேண்டாம், கடை முகவரிக்கே வரட்டும். வெட்டுக் காலமாகையால் ஞாயிறும் கடை திறந்திருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் பரந்தன் வாடிக்கையாளர்