இன்னும் ஏன் தேடுகிறார்கள் என்று கேட்ட மகளுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
12 டிசம்பர் 2025

அன்பு மகள் கயல்விழிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, 2014இல் காணாமல்போன மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானத்தை இம்மாதம் 30ஆம் தேதி முதல் மீண்டும் தேடப்போகிறார்கள் என்று சொன்னேன். அதற்கு நீ, “பதினொரு வருடம் ஆகிவிட்டதே அப்பா, அந்தக் குடும்பங்களை இனியாவது நிம்மதியாக இருக்க விடக்கூடாதா?” என்று கேட்டாய். மருத்துவமனையில் அன்றாடம் சாவைப் பார்க்கும் தாதி நீ. இரக்கத்தில்தான் அப்படிக் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நீதிமன்ற எழுத்தராகக் காலம் தள்ளியவன் நான். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். அந்தக் குடும்பங்களின் நிம்மதியைக் கெடுப்பது தேடல் அன்று. அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதமும் சொல்லாமல் விடப்பட்டவையும்தான் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

2014 மார்ச் 8ஆம் தேதி நீ ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ஆகவே, தொலைக்காட்சியில் பார்த்த அழுகையும் மெழுகுவத்தியும் உனக்கு நினைவிருக்கும். நடந்தவற்றின் வரிசை நினைவிருக்காது. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்கு 239 பேருடன் நள்ளிரவு 12.42க்குப் புறப்பட்ட போயிங் 777 விமானம், 1.19க்கு நம் நாட்டுக் கட்டுப்பாட்டு மையத்திடம் இரவு வணக்கம் சொல்லி விடைபெற்றது. இரண்டு நிமிடத்தில் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அடுத்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய வியட்நாமின் ஹோ சி மின் நகரக் கட்டுப்பாட்டாளர்கள், ஐந்து நிமிடத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தும், ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்துத்தான் விமானம் எங்கே என்று கேட்டார்கள். விமான நிறுவனத்தின் செயற்பாட்டு மையமோ, அது கம்போடிய வான்வெளியில் பறந்துகொண்டிருப்பதாகப் பதில் சொன்னது. கணினித் திரையில் தெரிந்தது, விமானம் போக வேண்டிய பாதையைக் கணக்கிட்டுக் காட்டிய கோடுதான். உண்மையில் அது இருந்த இடமல்ல. இந்தக் குழப்பத்தில் பொழுது போய், மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இயங்கத் தொடங்கியபோது காலை மணி 5.30. விமானத்துக்குத் தரையிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக இரண்டே அழைப்புகள் போயின: ஒன்று 2.39க்கு, மற்றொன்று 7.13க்கு. இடைப்பட்ட நான்கரை மணி நேரத்தில் ஒருவர்கூட மறுபடியும் அழைத்துப் பார்க்கவில்லை. என் பிள்ளை ஒருத்தி அந்த விமானத்தில் இருந்திருந்தால் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னால் எப்படி உறங்கியிருக்க முடியும் என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றை நீ அறிந்திருக்க மாட்டாய். நம் வீட்டிலிருந்து காலாற நடந்து போகக்கூடிய பாண்டார் பாரு ஃபார்லிமில் உள்ள தொலைபேசிக் கோபுரம், அன்று அதிகாலை 1.52க்குத் துணை விமானியின் கைபேசிச் சமிக்ஞையைப் பிடித்தது. அழைப்பு எதுவும் இல்லை. அந்தக் கைபேசி எட்டும் தூரத்தில் இருந்தது என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதாவது, வடகிழக்கே போய்க்கொண்டிருக்க வேண்டிய விமானம் திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, நாம் மூவரும் உறங்கிக்கொண்டிருந்த ஊரை ஒட்டிப் பறந்து, மலாக்கா நீரிணைக்கு மேலே போயிருக்கிறது. காலை நடைக்குப் போகும்போது அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நின்று நான் நிமிர்ந்து பார்ப்பதுண்டு.

விமானம் திரும்பி வந்ததை இராணுவ ரேடாரும் பதிவு செய்திருந்தது. பகை விமானமல்ல என்று கருதியதால் இடைமறிக்க எதுவும் அனுப்பவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அதையாவது விட்டுவிடலாம். மேற்கே போன விமானத்தைக் கிழக்கே தென்சீனக் கடலில் ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தார்களே, அதை எப்படி விடுவது? மார்ச் 15 அன்று பிரதமர் நஜிப் ரசாக், விமானம் வேண்டுமென்றே திருப்பப்பட்டிருக்கிறது என்று அறிவித்த பிறகுதான் அந்தக் கடலில் தேடுவது நின்றது. தொடர்பு அற்ற நேரம் முதல் அறிவிப்பில் 2.40 என்று இருந்தது, பின்னர் 1.30 என்று மாறியது. விமானி அறையிலிருந்து வந்த கடைசிச் சொற்கள் இன்னவை என்று ஒருமுறை சொல்லி, மூன்று வாரம் கழித்து அவையல்ல, வேறு என்று திருத்தினார்கள். நேரத்தையும் சொல்லையும் இப்படி மாற்றி மாற்றிச் சொல்லும் சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்க மாட்டார். அப்படிப்பட்ட அறிக்கைகளை நாள்தோறும் நம்பிக் காத்திருக்க வேண்டிய நிலையில் இருந்தார்கள் அந்தப் பெற்றோர்களும் பிள்ளைகளும்.

பயணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சீனர்கள். அவர்களுடைய உறவினர்கள் பெய்ஜிங்கில் லிடோ ஹோட்டலின் கூடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 24 இரவு, செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கணக்கிட்டதில் விமானத்தின் பயணம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் முடிந்துவிட்டது என்று நஜிப் அறிவித்தார். ஒரு துண்டு இரும்புகூடக் கையில் இல்லாத நேரத்தில், எவரும் உயிரோடில்லை என்ற தகவல் சிலருக்கு ஆங்கிலக் குறுஞ்செய்தியாகக் கைபேசிக்கு வந்தது. மறுநாள் அவர்கள் பெய்ஜிங்கில் உள்ள நம் தூதரகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். இங்கே சிலர் அதை அவமானமாகப் பேசினார்கள். எனக்கு அதில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. அந்தக் கணக்குக்கு ஆதாரமான செயற்கைக்கோள் தரவுகளைக் காட்டுங்கள் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். அவை வெளிவர மே மாதக் கடைசி ஆயிற்று. அதற்கு முன்பே, மே முதல் வாரத்தில், குடும்பங்கள் தங்கியிருந்த உதவி மையங்களை மூடி, வீட்டுக்குப் போய்க் காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

2015 ஜனவரி 29 அன்று, இது விபத்து, அனைவரும் இறந்ததாகக் கருதப்படுகிறது என்று அரசு அறிவித்த விதத்தைப் பார். புத்ராஜெயாவில் செய்தியாளர் கூட்டம் என்றார்கள். குடும்பத்தினர் வந்து நின்றதும் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு, தொலைக்காட்சியில் வாசித்து முடித்தார்கள். இழப்பீட்டுக்கு அந்த அறிவிப்பு சட்டப்படி தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் நம் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, காணாமல்போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும். ஆனால் தாயை இழந்த மகளின் எதிரே நின்று அதைச் சொல்ல ஓர் அதிகாரிக்கும் துணிவில்லாமல் போனதைச் சட்டத்தின் மேல் போட முடியாது.

தேடலில் உழைப்புக் குறைவு இருந்ததாக நான் சொல்லவில்லை. நீ இருக்கும் ஊருக்கு வடக்கேயுள்ள பியர்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து பல நாட்டு விமானங்கள் பறந்தன. ஆஸ்திரேலியர்களின் தலைமையில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியை அலசினார்கள். சில இடங்களில் ஆழம் நாலாயிரம் மீட்டருக்கும் மேல். என்னைச் சுடுவது அது முடிந்த விதம். 2016 நவம்பரில் கூடிய வல்லுநர்கள், டிசம்பரில் வெளியான அறிக்கையில், இதுவரை தேடிய பகுதிக்கு வடக்கே உள்ள 25,000 சதுர கிலோமீட்டரில்தான் விமானம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே, 2017 ஜனவரி 17 அன்று, மலேசியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று அரசுகளும், குறிப்பான இடத்தைக் காட்டும் புதிய ஆதாரம் இல்லை என்று சொல்லித் தேடலை நிறுத்தின. வாய்ப்புள்ள இடத்தை வல்லுநர்களைக் கொண்டே குறிக்கச் செய்துவிட்டு, சரியான புள்ளியைக் காட்டினால்தான் வருவோம் என்று சொல்வது என்ன நியாயம் அம்மா? அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே தன் இறுதி அறிக்கையில், இந்தக் காலத்தில் ஒரு பயணிகள் விமானம் காணாமல்போய் அதற்கு என்ன ஆயிற்று என்று உறுதியாகத் தெரியாமல் இருப்பதைச் சமூகம் ஏற்கவே முடியாது என்று எழுதியது.

விமானத்தின் சிதைவுகளுக்காகக் குடும்பங்கள் என்ன செய்தார்கள் என்பது உன் கேள்விக்கு நேரான பதில். 2015 ஜூலையில் ரியூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பகுதி ஒதுங்கியது. பிறகு மொரீஷியஸிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் கிடைத்த துண்டுகளும் அதே விமானத்தினுடையவை என்று உறுதியாயின. கிழக்காப்பிரிக்கக் கரைகளில் இன்னும் கிடைக்கும் என்று தெரிந்தும், ஒழுங்கான கரையோரத் தேடலை எந்த அரசும் தொடங்கவில்லை. ஆகவே 2016 டிசம்பரில் குடும்பத்தினர் சிலர் தாங்களே மடகாஸ்கருக்குப் போனார்கள். மொழி தெரியாத ஊரில், மீனவர் குடியிருப்புகளில், இப்படி ஏதாவது ஒதுங்கினால் எடுத்து வையுங்கள், விறகாக்கிவிடாதீர்கள் என்று கேட்டு, மணலில் தாங்களே நடந்து தேடினார்கள். விசாரணை அதிகாரி செய்ய வேண்டிய வேலையை, இறந்தவரின் பிள்ளை குனிந்து செய்தது. மடகாஸ்கரில் கிடைத்த ஐந்து துண்டுகளை 2018 நவம்பர் 30 அன்று அவர்களே புத்ராஜெயாவுக்குக் கொண்டுவந்து போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக்கிடம் ஒப்படைத்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 30 அன்று வந்த, நம் நாட்டு விசாரணைக் குழுவின் 495 பக்க இறுதி அறிக்கையை முழுவதும் படித்திருக்கிறேன். வழக்குக் கட்டுகளைப் படித்த பழக்கத்தில் சொல்கிறேன், கட்டுப்பாட்டு மையங்களின் தவறுகளை அது மறைக்கவில்லை. வான் போக்குவரத்துத் துறைத் தலைவர் மறுநாளே பதவி விலகினார். விமானம் திரும்பியது தானியங்கிக் கருவியால் அல்ல, மனிதர் கைப்படத் திருப்பியதால்தான் என்றது. மூன்றாம் நபரின் தலையீட்டை ஒதுக்கிவிட முடியாது என்றது. காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று முடித்தது. கடலுக்கடியிலிருந்து ஒலி எழுப்ப வேண்டிய கருவிகளில் ஒன்றின் மின்கலம், பறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. இத்தனையும் அச்சிட்ட பிறகும், அடிப்படையான இராணுவ ரேடார் பதிவுகள் முழுமையாகப் பொதுவில் வைக்கப்படவில்லை. தாயை இந்த விமானத்தில் இழந்த வழக்கறிஞர் கிரேஸ் நாதன் போன்றவர்கள் ஆண்டுதோறும் மேடையேறிப் பேசுவது இந்த மாதிரிக் குறைகளைத்தான்.

சென்னையிலிருந்து போன சந்திரிகா சர்மாவைப் பற்றி அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். சிறுதொழில் மீனவர்களின் உரிமைக்காக உழைத்தவர், மங்கோலியாவில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மாநாட்டுக்காக அந்த விமானத்தில் ஏறினார். கடலை நம்பி வாழ்பவர்களுக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவர் வீட்டுக்குத் தெரியாமல் இருப்பது அம்மாவுக்கு ஆறவே இல்லை.

2024 மார்ச்சில் சுபாங் ஜெயாவில் பத்தாம் ஆண்டு நினைவுக் கூட்டம் நடந்தபோது நான் போயிருந்தேன். சீனாவிலிருந்து வந்த ஒரு முதியவர் மேடையைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சர் லோக், தேடலைத் தொடர அரசு விரும்புகிறது என்றபோது, அதைத் தம் மொழியில் கேட்டுக் கைதட்ட அவருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆயிற்று. அவரிடம் போய், ஐயா, நிம்மதியாக இருங்கள், விட்டுவிடுங்கள் என்று சொல்ல உனக்கு மனம் வருமா?

நீ செலவைப் பற்றியும் சொன்னாய். கடலடியில் தேடும் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனத்துடன் இப்போது உள்ள ஒப்பந்தம், கண்டுபிடித்தால் ஏழு கோடி அமெரிக்க டாலர், கண்டுபிடிக்காவிட்டால் ஒரு காசும் இல்லை என்பது. 15,000 சதுர கிலோமீட்டர் புதிய பகுதி. இந்த ஆண்டு தொடக்கத்தில் ஆரம்பித்து, ஏப்ரலில் பருவநிலை சரியில்லை என்று நிறுத்தினார்கள். இப்போது 55 நாட்கள், விட்டு விட்டுத் தேடப்போகிறார்கள். நம் வரிப்பணம் இதில் கரையவில்லை. இந்த விமானம் காணாமல்போனதால்தான், நீ கோலாலம்பூருக்கு வந்து போகும் விமானங்கள் கடலுக்கு மேலே இருக்கும்போதும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தாம் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2018 நவம்பர் முதல் வந்தது. ஒலிக் கருவிகளின் மின்கலமும் முப்பது நாளுக்குப் பதில் தொண்ணூறு நாள் தாங்க வேண்டும் என்று ஆயிற்று. அந்தக் குடும்பங்கள் விடாமல் கேட்டதற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். நீ தரையிறங்கிச் செய்தி அனுப்பும்வரை அம்மா படுக்கப் போவதில்லை என்பது உனக்குத் தெரியும்தானே.

இந்த முறையும் வெறுங்கையோடு கப்பல் திரும்பலாம். அப்படித் திரும்பினால், கோப்பைக் கட்டிப் பரணில் போடாமல், இராணுவ ரேடார் பதிவுகளை வெளியிட வேண்டும் என்று கேட்டு அமைச்சுக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற சக எழுத்தர்கள் சிலர் கையொப்பமிடுகிறார்கள். நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, ஆங்கில வடிவத்தில் பிழை இருந்தால் திருத்தி, உனக்குச் சம்மதமானால் நீயும் மாப்பிள்ளையும் கையொப்பமிட்டு ஜனவரி முடிவதற்குள் அனுப்புங்கள். அடுத்த மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. விடுப்புக் கிடைத்தால் சொல், நினைவுக் கூட்டத்துக்குச் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
அப்பா