‘முடி’ என்றால் மூடுவதா, முடிப்பதா? எங்கள் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், உங்களுக்கு அந்தக் கையெழுத்து மென்பொருளை விற்ற நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். உங்கள் மின்கையெழுத்துத் திரையில் என் அத்தை தெரியாமலே ஒரு கடனுக்கு ஜாமீன் போட்ட விவகாரம் இது. புகார் எண், தேதி, கிளை மேலாளரை நான் மூன்று முறை பார்த்துப் பேசியது எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது, ஆதியோடந்தமாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் நீங்கள் அனுப்பிய பதில்தான் இதை எழுத வைத்தது. “வாடிக்கையாளர்களின் வசதிக்காக மின்கையொப்பச் சொற்களுக்கான தமிழ் விளக்கக் கையேடு இணைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரி, அதோடு 11 பக்கக் கையேடு. உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். இந்த விவகாரம் ஆரம்பித்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை, அந்த வகையில் உங்களுக்கு நன்றி.

நடந்ததில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பதிலில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. அத்தை தாராவியில் 40 வருடமாக இட்லி அவித்து விற்கிறவர். எட்டாவது வரை திருநெல்வேலிப் பக்கம் படித்தவர், தமிழ்ப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார். பக்கத்து வீட்டுப் பையனுடைய 4 லட்சம் ரூபாய்க் கடனுக்காக உங்கள் கள அலுவலர் அவருடைய போனுக்கு ஒரு இணைப்பு அனுப்பி, “மௌசி, சிர்ஃப் தேக் லோ” என்று சொல்லியிருக்கிறார். சும்மா பாருங்கள் என்று. சாயங்காலம் அரிசியை ஊறப்போட்டுவிட்டு அத்தை அதைத் திறந்தார். மொழி தேர்வு செய்யச் சொன்னது, தமிழைத் தேர்ந்தெடுத்தார். (தமிழ் வைத்திருந்தீர்களே, அதற்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் இந்தியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்றும் புரியாமல் போனைக் கீழே வைத்திருப்பார், தப்பித்திருப்பார்.)

உள்ளே போக ஒரு ஓடிபி கேட்டது. போட்டார். அவர் பெயர் ஏதோ சாய்ந்த எழுத்தில் வந்து நின்றது, அதன் கீழே ‘தத்தெடுத்து ஒப்பமிடு’ என்று ஒரு பொத்தான். (ஆங்கிலத்தில் ‘அடாப்ட் அண்ட் சைன்’, அந்தச் சாய்ந்த எழுத்தையே என் கையெழுத்தாக ஏற்கிறேன் என்று பொருள்.) அதை அமுக்காமல் அடுத்த பக்கம் வரவில்லை. யாரைத் தத்தெடுப்பது என்று தெரியாமலே அமுக்கினார். கடைசியில் மூன்று பொத்தான்கள்: ‘சரிவு’, ‘பின்னர் முடி’, ‘முடி’. மகன் அம்பர்நாத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவான், அவனிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம், இப்போதைக்கு இதை மூடிவிடுவோம் என்று நினைத்தவருக்கு அந்த மூன்றில் எது சரி? ‘சரிவு’ என்னவென்றே விளங்கவில்லை. ‘பின்னர் முடி’ என்றால் பிறகு மூடச் சொல்கிறது, அவருக்கோ உடனே மூட வேண்டும், அரிசி காத்திருக்கிறது. ‘முடி’யை அமுக்கினார். இன்னொரு ஓடிபி வந்தது. முதல் ஓடிபிக்கு வந்த அதே வாசகம்தான் இதற்கும்: ‘அங்கீகரிக்க எண்ணை இடவும்’. பெரிய கட்டடங்களில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போடுகிறோமே, அந்த மாதிரி என்று நினைத்துப் போட்டுவிட்டார்.

“முடின்னுல்லா போட்டிருந்துச்சு, மூடிட்டு வந்துரலாம்னு அமுக்குனேன்” என்றார் என்னிடம். இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை.

அந்த ஒரு அமுக்கலில் அவர் ஜாமீன்தாரர் ஆகிவிட்டார். இந்த விஷயம் அவருக்குத் தெரிய வந்தது ஐந்து மாதம் கழித்து, டில்டிங் கிரைண்டர் வாங்க 80,000 ரூபாய் கேட்டு அதே கிளைக்குப் போனபோது. பையன் மூன்று தவணை கட்டவில்லை, அது அத்தையின் கடன் வரலாற்றிலும் ஏறியிருக்கிறது, அதனால் கிரைண்டர் கிடையாது. பழைய கிரைண்டரின் பெல்ட்டைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், 68 வயதில், விடிகாலை மூன்றரைக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். பொத்தானை அமுக்கினால் என்ன நடக்குமோ அதைப் பொத்தானில் எழுதுங்கள். ‘ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன்’, ‘கையெழுத்துப் போட மாட்டேன்’, ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கிறேன்’. இதற்கு மேல் இதில் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

இனி அந்தக் கையேடு. ‘வாய்ட்’ என்பதற்கு ‘வெற்றிடம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அனுப்பிய ஆவணத்தை ரத்து செய்வதைத்தான் உங்கள் மென்பொருள் அப்படிச் சொல்கிறது. ரத்து என்ற சொல் ரயில் டிக்கெட் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். ‘என்வலப்’ என்பதற்கு ‘உறை’. கையெழுத்துக்குப் போகும் ஆவணங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதற்கு அந்தப் பெயர், ‘ஆவணக் கட்டு’ என்றால் பத்திர எழுத்தர்கூடத் தலையாட்டுவார். கையெழுத்துப் போட மறுப்பதற்கான ‘டிக்ளைன்’ எப்படிச் சரிவு ஆயிற்று என்று எனக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் பங்குச்சந்தைச் செய்தி ஞாபகம் வந்தது. ‘பிரின்சிபல்’ என்பதற்கு ‘முதல்வர்’. அசல் என்ற சொல்லை அறியாத தமிழன் யார்? வட்டி கட்டிய ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ‘கிரெடிட் யூனியன்’ என்பதற்கு ‘கடன் தொழிற்சங்கம்’ என்று இருந்தது. அந்த மென்பொருள் அமெரிக்காவின் வங்கிகளுக்கும் அங்கே உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கடன் சங்கங்களுக்கும் செய்யப்பட்டது, அங்கிருந்த வரியை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று விளங்குகிறது. நம் ஊரில் அது கூட்டுறவுக் கடன் சங்கம், பம்பாயில் மூன்று தலைமுறையாக எங்கள் ஆட்கள் வாயில் பத்பேடி. அத்தையின் கணவர் 1982 மில் ஸ்டிரைக்கில் வேலை இழந்தவர். தொழிற்சங்கம் என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு யாரும் கையேடு போட்டுச் சொல்லத் தேவையில்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறுகள் இவை. சிரிக்க முடியாத ஒன்று 7ஆம் பக்கத்தில் இருக்கிறது. ‘டிஃபால்ட்’ என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் தமிழில் ‘இயல்புநிலை’ என்பார்கள், கணினியில் அது சரி. கடன் பத்திரத்தில் அதே சொல்லுக்குத் தவணை தவறுதல் என்று பொருள். உங்கள் கையேடு சொல்கிறது: ‘இயல்புநிலையில் முழுத் தொகையும் உடனடியாகத் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்’. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் முழுக் கடனையும் உடனே கட்ட வேண்டும். இதை உங்கள் சட்டத் துறையில் ஒருவராவது படித்தாரா?

இன்னொன்று. ஜாமீன் என்ற சொல் அத்தை பார்த்த 22 பக்கத்தில் எங்குமே இல்லை. ‘உத்தரவாதமளிப்பவர்’ என்று இருக்கிறது. கிரைண்டர் கடைக்காரரும் உத்தரவாதம் தருகிறார், ஒரு வருடத்துக்கு. ஜாமீன், சூரிட்டி என்று ஒரு தடவை எழுதியிருந்தால் போதும், அத்தை கைவிரலைத் தீயில் வைத்தது போல எடுத்திருப்பார். ஜாமீன் போட்டு நொடித்துப்போன குடும்பத்தை அறியாதவர்கள் எங்கள் சந்தில் கிடையாது.

இந்தச் சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் நண்பர் ஒருவர் டோம்பிவிலியில் வீட்டிலிருந்தபடி இந்த மாதிரி மொழிபெயர்ப்பு செய்கிறவர். அவருக்கு ஒரு எக்செல் தாள் வரும், இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் காலி. ‘ஃபினிஷ்’ என்று ஒரு கட்டத்தில் இருக்கும், அது பொத்தானா தலைப்பா, எந்தத் திரையில் வருகிறது, அமுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி, பொத்தானுக்குள் அடங்க வேண்டும் என்று எழுத்துக்கணக்கு வேறு. அவர் ‘முடி’ என்று எழுதாமல் என்ன செய்வார்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தாளைத் திரையோடு ஒட்டிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் மேல்தான்.

நீங்கள் ஆதாரமாக அனுப்பிய ஆடிட் டிரெயிலையும் பார்த்தேன், உங்கள் கையேட்டில் ‘தணிக்கைப் பாதை’. யார், எப்போது, எந்தப் போனிலிருந்து என்ன செய்தார் என்ற பதிவு. ஆவணத்திலிருந்து ஹாஷ் என்று ஒரு எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள், ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால் யாரும் பின்னால் திருத்தவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம் என்றார் மேலாளர். உண்மைதான், நல்ல ஏற்பாடு. ஆவணத்தை யாரும் திருத்தியதாக நாங்கள் சொல்லவே இல்லையே! அதே பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. அத்தை திறந்ததற்கும் ‘முடி’யை அமுக்கியதற்கும் நடுவில் 1 நிமிடம் 52 விநாடி. 22 பக்கம். உங்கள் குழுவில் வேகமாகப் படிக்கிறவர் யாராவது இருந்தால் முயன்று பாருங்கள்.

சட்டத்தை மேலாளர் எடுத்துக் காட்டினார், நானும் கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதலில் டிஜிட்டல் கையெழுத்தைத்தான் ஏற்றது, 2008 திருத்தத்தில்தான் மின்னணுக் கையெழுத்து என்ற அகலமான சொல் உள்ளே வந்தது. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் கையேடு இரண்டையும் ‘மின்கையொப்பம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது, சரி, அதை விடுங்கள். 2024 ஏப்ரல் 15 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கடனின் முக்கிய விவரக் குறிப்பு கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்ல வேண்டும், புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். வட்டார மொழி என்று கூட அதில் இல்லை, புரியும் மொழி. இதைச் சொன்னதும், “அது கடன் வாங்குகிறவருக்கு, ஜாமீன்தாரருக்கு அல்ல” என்றார் மேலாளர். இருக்கலாம். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. கட்டும்போது சமம், புரியவைக்கும்போது மட்டும் அத்தை வேற்றாளா?

எழுதத் தெரியாதவர் வைக்கும் குறியும் கையெழுத்துதான் என்று 1897லேயே பொது விதிகள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா கைநாட்டுக்காரர். அவர் பெருவிரலை மையில் வைப்பதற்கு முன்னால் பத்பேடி குமாஸ்தா பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டி, ‘வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து’ என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்குவாராம். தற்குறி என்று இன்று திட்டுகிறோமே, அந்தச் சொல்லே கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் அந்தக் குறியைத்தான் குறித்தது. தற்குறியாக இருந்த தாத்தாவுக்குக் கிடைத்த மரியாதை எட்டாவது படித்த மகளுக்குக் கிடைக்கவில்லை. கல்வெட்டுகளில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று கடைசியில் வருமே, கையெழுத்துக்கு ஆயிரம் வருடமாகப் பெயர் வைத்திருக்கும் மொழிக்கு ‘தத்தெடு’ என்று… வேண்டாம், எங்கோ போகிறேன். இதே தலையெழுத்துதான் மராத்திக்கும் போல. மாடிவீட்டு காகூவிடம் மராத்தித் திரையைக் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பொத்தானை அமுக்கினால் என்ன நடக்குமோ அதைப் பொத்தானில் எழுதுங்கள். திறப்பதற்கான ஓடிபி வேறு, கையெழுத்துக்கான ஓடிபி வேறு என்று இரண்டு வாசகமாகப் பிரியுங்கள். குறுஞ்செய்தியிலேயே ‘இந்த எண்ணைக் கொடுத்தால் 4 லட்சம் ரூபாய்க்கு ஜாமீன் போட்டதாகும்’ என்று தமிழில் வரட்டும். கையேட்டைத் திரும்பப் பெற்று, கவுன்டரில் உட்கார்ந்து தமிழ் பேசுகிற உங்கள் ஊழியர்கள் இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒரு மதியத்தில் திருத்தித் தந்துவிடுவார்கள். அப்புறம், அத்தையின் ஜாமீனை மறுபரிசீலனை செய்யும்படி நான் கொடுத்த மனுவுக்கு ஆம், இல்லை என்று ஒரு பதில். தயவுசெய்து அதில் ‘சரிவு’ என்று எழுதாதீர்கள்.

புதுத் திரை தயாரானதும் வெளியிடுவதற்கு முன்னால் ஒரு போனில் போட்டுக்கொண்டு யாரையாவது அனுப்புங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் அத்தை வீட்டில்தான் இருப்பார், படித்துப் பார்த்து எது என்ன என்று சொல்லத் தயார் என்கிறார். கிரைண்டர் சத்தம் கொஞ்சம் இருக்கும்.

இந்த மடலைத் தாளில் அச்சடித்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, உங்கள் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்குதாரர்களில் ஒருவன்,
தாராவி, மும்பை