பேரூரில் துணை நின்ற பெரியவருக்கு நன்றி

அண்மையில் உடுமலையிலிருந்து நண்பர்கள் குடும்பங்களுடன் கோயம்புத்தூரைச் சுற்றிப் பார்க்கச் சென்றிருந்தபோது, பேரூர் பட்டீசுவரர் கோயிலில் எங்களுக்குத் துணை நின்ற, பெயர் தெரியாத பெரியவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

காலையில் 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மதியத்திற்குள் பேரூர் சேர்ந்தோம். 17ஆம் நூற்றாண்டில் அழகாத்ரி நாயக்கர் எழுப்பிய கனகசபை மண்டபத்தைக் குழந்தைகள் ஓடிக் கடந்துவிடப் பார்த்தார்கள். தூணருகே அமர்ந்திருந்த நீங்கள், "கண்ணுகளா, இங்க வாங்க, மேல பாருங்க" என்று அழைத்து, விதானத்திலிருந்து தொங்கும் கல்சங்கிலியைக் காட்டினீர்கள். வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் முறையை உங்கள் விரல்களைப் பின்னிக் காட்டி விளக்கியதும், யானைத்தோலை உரித்துப் போர்த்தும் கஜசம்ஹார மூர்த்தியின் கதையை வீரபத்திரர் தூணுக்கும் ஆலங்காட்டுக் காளிக்கும் நடுவே நின்று பொறுமையாகச் சொன்னதும், துணி எடுக்கவும் மருத்துவமனைக்கும் மட்டுமே கோவைக்கு வந்து திரும்பும் எங்களுக்கு அந்நகரைப் புதிதாகக் காட்டின. சிற்பத்தை இவ்வளவு எளிமையாகச் சொல்ல எல்லோராலும் முடியாது.

முழங்கால் வலியால் நடக்க இயலாத என் மாமியாரை, கைத்தாங்கலாக நடராசர் சந்நிதி வரை அழைத்துச் சென்றீர்கள். பணம் கொடுக்க முயன்றபோது உறுதியாக மறுத்துவிட்டீர்கள்.

ஐயா, உடுமலைப் பக்கம் வர நேர்ந்தால், அவசியம் எங்கள் வீட்டில் ஒருவேளை உணவருந்த வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம்.