அஞ்சு மீட்டர்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நாம் பேசுவது நாலு வார்த்தையில் முடிந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். அம்மா நலம், நானும் நலம். நீ விட்டுப்போன டிஸ்க் கோல்ஃப் கூடையின் சங்கிலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டேன். துரு அதிகமில்லை. ராத்திரியில் வண்டி ஓட்டாதே. ஒரு போட்டி முடிந்த கையோடு அடுத்த ஊருக்குக் கிளம்பும் பழக்கத்தை விடு, காலையில் கிளம்பினால் போதும்.

சீசன் முடிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச எனக்கு உன்னை விட்டால் ஆள் ஏது? இந்த 2022-ல் பெரிய போட்டி ஒன்றையும் நான் விடவில்லை. நேரலையில் பார்க்க முடியாவிட்டால் மறுநாள் யூடியூபில் பார்த்துவிடுவேன். டிஸ்க் என்ற தட்டை வீசி முடிந்த மட்டும் குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் போட வேண்டும், ஓபி என்கிற எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு வீச்சு, அபராதம், கூடையைச் சுற்றிய பத்து மீட்டர் வட்டத்துக்குள் நின்று பட் பண்ணினால், அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்கு வீசினால், தடுமாறாமல் நின்று காட்டிவிட்டுத்தான் காலை முன்னே வைக்கலாம், இதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. நீ அதில் ஒரு நாளும் தவறியதில்லை. பட் போட்டபின் கொக்கு மாதிரி அப்படியே நிற்பாய். அதை உன் பெரியப்பாவுக்கு நான் எழுந்து நின்று செய்தே காட்டினேன்.

அமெரிக்காவில் எம்போரியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் பார்த்திருப்பாய். பெண்கள் பிரிவில் எஸ்டோனியாக்காரர் கிறிஸ்டின் டாட்டர் ஜெயித்தார். அவருக்கு முப்பது வயது, இதுதான் முதல் உலகப் பட்டம். முப்பது வயது என்பதைக் கவனித்துக்கொள், வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் அக்டோபரில் ராக் ஹில்லில் யுஎஸ் டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப். கேனன் பூர் என்ற பதினேழு வயதுப் பையன் தட்டிக்கொண்டு போனான். அங்கே இருக்கும் வின்த்ராப் மைதானத்தில் எங்கே திரும்பினாலும் கயிறு கட்டி ஓபி. பதினேழாவது ஹோலில் வைக்கோல் கட்டு அடுக்கிய தீவுக்குள் டிஸ்க் நின்றாக வேண்டும். அங்கே ஒவ்வொருவர் வீசும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வீச்சு போடும் அந்த டீ மேடையில் நீ நின்றால் எந்த டிஸ்க்கை எடுப்பாய் என்று யோசித்தேன். நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச்தானே?

ஆனால் எனக்கு இந்த வருஷத்தின் பெரிய விஷயம் அமெரிக்க வீரர் பால் மெக்பெத்தான். போன வருஷம் ஆக்டனில் நடந்தது நினைவிருக்கிறதல்லவா. உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஹோல், ஒரு ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்த ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து வீசிய பட்டர், கிட்டத்து வீச்சுக்கான டிஸ்க் அது, நேராகக் கூடைக்குள் போய் விழுந்தது. உலகமே அந்த வீச்சைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. நான் அதற்கு அடுத்த நிமிஷத்தைப் பார்ப்பேன். அத்தனை பேரும் கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்க, பட்டத்தைக் கையில் பிடித்துவிட்டதாக இருந்த மெக்பெத் தன் டிஸ்க்கைக் கூடையில் போட்டாக வேண்டும். போட்டால்தான் ஸ்கோர் சமமாகி பிளே-ஆஃப், அதாவது ஜெயித்தது யார் என்று முடிவு செய்யும் கூடுதல் ஆட்டம். போட்டார். பிளே-ஆஃபின் முதல் ஹோலிலேயே கான்ராட் ஜெயித்துவிட்டார். தோற்றுப்போன மெக்பெத் இந்த வருஷம் எம்போரியாவுக்கு வந்து மறுபடியும் ஒரு பிளே-ஆஃபில் நின்றார், இந்த முறை ஆரன் காசேஜோடு. ஜெயித்தார். ஆறாவது பட்டம். அதைப் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட நினைத்தேன். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீயாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் கேட்பதற்கெல்லாம் கட்டைவிரல் படம் அனுப்பினால் அது பதிலா? அம்மா அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறாள். சரியாகச் சாப்பிடு. ராத்திரியில் வண்டி ஓட்டாதே.

ஆகஸ்ட் போட்டியில் உன் பெயருக்கு எதிரே டிஎன்எஃப், அதாவது ஆட்டத்தை முடிக்கவில்லை, என்று இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் உன் பெயர் இல்லை. நான் தேடவில்லை என்று நினைக்காதே. அந்தப் போட்டியில் யாரோ எடுத்த சின்ன வீடியோ ஒன்று கிடைத்தது. நீ பட் போட்டு, கூடைக்குப் போய், டிஸ்க்கை இடது கையால் எடுக்கிறாய். பையும் இடது தோளில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நீ இடது கையால் கூடைக்குள் கை விட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

சரி, இனி சுற்றி வளைக்கவில்லை.

ஜூலையில் இரண்டு ரவுண்டு முடிந்து நீ நாலாவது இடத்தில் இருந்தாய். அன்று ராத்திரி நான் கூப்பிட்டேன். உன்னைத் தூங்கச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். இரண்டாவது ரவுண்டில் நீ தவறவிட்ட ஒரு பட் என் மனதில் கிடந்து உறுத்தியது. "அஞ்சு மீட்டரில் தவற விடுகிறாய், இதை நம்பியா வேலையை விட்டாய்?" என்று கேட்டேன். மெக்பெத்தின் பத்து வருஷம் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தத்தையும் இழுத்து, அது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

மறுநாள் நேரடி ஸ்கோர் பக்கத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வட்டத்துக்குள் மூன்று பட் தவறின. நாலாவது இடத்திலிருந்து பத்தொன்பதாவது இடம். அந்த மூன்றும் உன் கை செய்த தப்பு இல்லை, கண்ணு. அவற்றை நான்தான் தவறவிட வைத்தேன். அதற்குப் பிறகு நாம் பேசியபோதெல்லாம் வானிலை, வண்டி, சாப்பாடு என்றே பேசினேன். அந்த ராத்திரியைத் தொடவே இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அப்பா என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒளிந்துகொண்டேன்.

நீ விட்டுப்போன நீல பட்டர் என்னிடம்தான் இருக்கிறது. விளிம்பெல்லாம் சொரசொரப்பு, பின்பக்கம் உன் கையெழுத்து பாதி அழிந்திருக்கிறது. செப்டம்பரிலிருந்து தினமும் சாயங்காலம் அஞ்சு மீட்டர் அளந்து கோடு போட்டு, அங்கே நின்று ஐம்பது முறை போடுகிறேன். காற்று இல்லை, பார்க்க யாரும் இல்லை, தோற்க எதுவும் இல்லை. அப்படியிருந்தும் கூடை தள்ளிப் போகிற மாதிரி இருக்கிறது. நடுச் சங்கிலியில் பட்டதும் விழுந்துவிட்டது என்று நினைப்பேன், கலகலவென்று சத்தம் போட்டு வெளியே துப்பிவிடும். ஐம்பதில் பாதி விழுந்தால் அன்று நல்ல நாள். இதைத்தான் நான் உன்னிடம் அத்தனை சுலபமாகக் கேட்டேன்.

அடுத்த சீசனுக்குப் போகிறாயா இல்லையா என்று கேட்கவில்லை. போனால் பார்ப்பேன். போகாவிட்டால் கூடை இங்கே இருக்கிறது. வேலையைப் பற்றியும் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும்: அந்த வலது தோள் இன்னும் வலிக்கிறதா? கட்டைவிரல் படம் வேண்டாம், எழுத்தில் எழுது. வலிக்கிறது என்றால் அப்படியே எழுது.

அன்புடன்,
அப்பா